மூணாவது படிப்பு

அந்தக் காலேஜுப் புஸ்தகத்தைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தந்தர்றேன். காட்பாடியில இருந்து நீங்க அதைப் புரட்டுறதையே பாத்துட்டு வர்றேன். தோளுக்கு மேல எட்டிப் பாக்கறது மரியாதை இல்லைன்னுதான் வாய் தொறந்து கேக்கறேன். பொண்ணுக்குங்களா, பையனுக்குங்களா? பொண்ணுக்கு. நெனச்சேன். அட்டையிலயே பனி கொட்டிக் கெடக்குது பாருங்க.

இந்த விசயத்துல எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்குதுங்க. எம் பொண்ணுக்கு நாந்தான் படிப்புத் தேடிக் குடுத்தேன். என்ன படிப்பு, எந்த நாடு, எந்த ஊரு, தங்கற ரூமு எத்தனாவது மாடி, எல்லாம் நாந்தான் முடிவு பண்ணுனேன். அதனால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. புள்ளைங்க கையில விட்டறாதீங்க. அதுகளுக்குப் படம் பாத்தாப் போதும், போறேன்னு நிக்கும்.

எம் பேரு செங்கோட்டுவேலு. நாமக்கல்லுக்குப் பக்கத்துல தோட்டத்துலயே ஊடு, முட்டைக்கோழிப் பண்ணை. சேலத்துல எறங்கி பஸ் புடிக்கோணும். மெட்ராசுக்கு ஒரு வேலையா வந்தேன். வந்த வேலை ஆகலைங்க. அதை அப்பறம் சொல்றேன்.

எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ இல்லீங்க, தவறிட்டா. ஏழு வருசம் ஆச்சு. வயித்து வலி. சின்னவ பேரு சுபிக்ஷா. அக்கா போறப்ப இவ பள்ளிக்கூட ஹாஸ்டல்ல இருந்தா, பதினாறு வயசு. வந்து பாத்தா, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. பதினாறு நாள் காரியம் முடிஞ்சதும் மறுபடியும் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. அதுக்கப்பறம் அவளைப் பத்தி ஒரு கெட்ட பேச்சு வந்ததில்லைங்க. நாமக்கல்லுலயே பொம்பளைப் புள்ளைங்க காலேஜ்ல கிருமியைப் பத்துன படிப்பு மூணு வருசம் படிச்சா. காலைல கொண்டு போய் விடுவேன், சாயங்காலம் போய்க் கூட்டிட்டு வருவேன். போனை எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் தூங்கப் போவா. நான் கேக்காமயே குடுப்பா. அப்பிடி ஒரு புள்ளை.

காலேஜ் முடிஞ்சதும் ராசிபுரத்துல ஒரு மாப்பிள்ளை பாத்தோம். தீவன மில்லுக்காரங்க ஊடு, பையன் பேரு தீபன். அவங்க பொண்ணை ரெண்டு வருசம் வெளிநாட்டுல படிக்க வெச்சுக் கூட்டிட்டு வாங்க, அப்பறம் கல்யாணத்தை வெச்சுக்கலாம்னாங்க. அவங்க சாதி சனத்துல நாலு மருமக அப்பிடிப் படிச்சிருக்குது, இவங்களுக்கும் வேணுமாம். எனக்குச் சம்மதமில்லை. பொட்டைப் புள்ளையைக் கண்ணுக்கு மறைவா ரெண்டு வருசம் விடறதுன்னா. ஆனா மாப்பிள்ளை ஊடு கேக்கறப்ப என்ன பண்றது.

சுபிக்ஷா அன்னிக்கு என்ன சொன்னா தெரியுங்களா? "அப்பா, எனக்கு எங்கயும் போக வேண்டாம்"ன்னா. அப்பத்தான் எனக்குத் தெகிரியம் வந்துச்சு. போகோணும்னு குதிக்கறவளை அனுப்பக் கூடாது, வேண்டாங்கறவளைத்தான் அனுப்போணும். சரிங்களா?

நான் மூணு கட்டளை போட்டேன். படிப்பு பண்ணைக்கு ஆகறதா இருக்கோணும். நம்ம பக்கத்துப் பசங்க கூடற ஊரா இருக்கக் கூடாது. தெனமும் சாயங்காலம் நம்ம நேரம் ஆறு மணிக்கு வீடியோவுல வரோணும். சரிப்பான்னுட்டு ஒரு மாசம் உக்காந்து தேடுனா. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு உண்டு முடிச்சதும் மேசை மேல மூணு புஸ்தகத்தைப் பரப்பி வெச்சா. இதே மாதிரி பளபளன்னு அட்டை. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாதுங்க, அவதான் படிச்சுச் சொன்னா.

மொதல் படிப்பு கம்ப்யூட்டரு. பெரிய பட்டணம். "இது நல்ல காலேஜுங்கப்பா, நம்ம தமிழ்ப் பசங்களே எரநூறு பேரு படிக்கறாங்களாம், சங்கமெல்லாம் இருக்குதாம்"ன்னா. அதைக் கேட்டதும் அந்தப் புஸ்தகத்தை மூடி ஒதுக்கிட்டேன்.

ரெண்டாவது உணவுப் பொருள் சம்பந்தப்பட்டது. ஊரு பரவால்ல. ஆனா ஆறு மாசம் கம்பெனி கம்பெனியாப் போய் வேலை பழகோணுமாம், எந்தக் கம்பெனி, எந்த ஊருன்னு முன்னாடியே சொல்ல மாட்டாங்களாம். அதையும் ஒதுக்கிட்டேன்.

மூணாவது கோழிக்கு வர்ற நோவைப் பத்துன படிப்பு. வடக்கால ஒரு குளிர் நாடு. நாட்டுப் பேரு வேண்டாங்க, மறுபடி ஒருக்கா அதை என் வாயால சொல்றதுக்கு மனசு வரலை. சின்ன ஊரு, மொத்தமே முப்பதாயிரம் சனம். அந்தப் படிப்புல எட்டே பேரு. நம்ம நாட்டு ஆளு ஒருத்தரும் இல்லை. அவ அதை மட்டும் சரியாப் படிச்சே சொல்லலை. "இது வேண்டாங்கப்பா. நாலு மாசம் சூரியனே சரியா வராதாம். பேசறதுக்கு ஒரு ஆளு இருக்காது. என்னால முடியாது"ன்னு புஸ்தகத்தை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.

எங்கூட்டுக்காரி குணவதி எச்சிலெலை எடுத்துட்டு இருந்தா. அவளும் சேர்ந்துக்கிட்டா. "பாவங்க, அத்தனை தூரத்துக்கு ஏன் அனுப்பறீங்க, மொத ஊருக்கே அனுப்புங்க, நாலு சனமாவது இருக்கும்"ன்னா. அவ ஒரு விசயத்துலயும் வாய் தொறக்க மாட்டாங்க. பெரியவ போனதுக்கப்பறம் எண்ணிப் பேசறவ. அன்னிக்குப் பேசுனா. எனக்குக் கோவம் வந்துருச்சு. நாலு சனம் இருக்கற எடத்துக்குப் படிக்கப் போய்த்தானே பெரியவ அப்பிடி ஆனான்னு சொல்லிட்டேன். குணவதி எலையை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

நான் அந்தப் புஸ்தகத்தை சுபிக்ஷா மடியில இருந்து புடுங்கி, இதுதான்னேன். அவ அழுதாங்க. எங்கம்மிணி அழுது நான் பாத்தது அன்னிக்குத்தான். நான் விட்டுக் குடுக்கலை. புடிவாதமா நின்னு சாதிச்சேன். ராசிபுரத்துக்காரங்க கூடச் சொன்னாங்க, அப்பன்னா இப்பிடி இருக்கோணும்னு.

டீ சொல்லட்டுங்களா? நாங் குடுக்கறேன், இருங்க. ஜோலார்பேட்டை தாண்டுனா நல்ல டீ வராது.

கோயமுத்தூரு ஏர்போட்டுல கொண்டு போய் ஏத்தி விட்டோம். அங்கயும் ஒண்ணு சொல்லோணும். மத்த புள்ளைங்களைப் பெத்தவங்களெல்லாம் அழுதுட்டு நிக்கறாங்க. குணவதி அழலை. பொண்ணு கன்னத்தை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டுப் பாத்துட்டே நின்னா, அவ்வளவுதான். அப்பறம் தள்ளி விட்டா. மெதுவா இல்லீங்க, ஒரு தள்ளு. "போ"ன்னு. நானே வண்டியில வர்றப்பக் கேட்டேன், உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குதான்னு.

ஒண்ணே முக்கால் வருசம் ஒரு நாள் தவறாம ஆறு மணிக்கு வந்தா. நான் சொல்றதுக்கு முன்னாடியே போனைச் சுத்திக் காட்டுவா. கதவு, கட்டிலு, ஜன்னலு, பாத்ரூமு. யாருமில்லைங்கப்பான்னு சொல்லுவா. ஜன்னலுக்கு வெளிய எப்பப் பாத்தாலும் இருட்டு, இல்லாட்டி வெள்ளை. "பழகிருச்சா அம்மிணி"ன்னு கேட்டா "நீங்க தேர்ந்தெடுத்ததுங்கப்பா, நல்லாத்தான் இருக்கும்"ன்னுவா.

தை மாசம் முகூர்த்தம் குறிச்சோம். மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. டிக்கெட் போட்டுட்டேன்னு அனுப்பி வெச்சா, நானும் பாத்தேன். மார்கழி இருவதாந்தேதி காலைல நானு, எந்தம்பி நடேசன், ராசிபுரத்துக்காரங்க, எல்லாம் மூணு கார்ல ஏர்போட்டுக்குப் போனோம். குணவதி ஒடம்பு சரியில்லைன்னு வரலை. ஆளுங்க வெளிய வர ஆரம்பிச்சாங்க. பொட்டி தள்ளிட்டு வர்றாங்க, வர்றாங்க. அப்பறம் பைலட்டு வந்தாரு. அப்பறம் கூட்டற பொம்பளை வந்துச்சு. கதவு மூடிக்கிச்சு. மாப்பிள்ளையோட அம்மா மாலையைக் கையில வெச்சுட்டு என் மூஞ்சியைப் பாக்குது.

அப்பத்தான் போனுக்கு வந்துச்சு. "அப்பா, நான் வர மாட்டேன். இங்கயே வேலை குடுத்துட்டாங்க. என்னைத் தேட வேண்டாம்." அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டா அந்த நம்பரே இல்லைங்குது.

அப்பறம் எங்க ஆடிட்டரை வெச்சு விசாரிச்சாத்தான் தெரியுது. அந்த மூணாவது படிப்பு ரெண்டு வருசத்தோட முடியறது இல்லையாம். நல்லாப் படிச்சா அவங்களே சம்பளம் குடுத்து இன்னும் நாலு வருசம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்குவாங்களாம். அப்பிடியே அந்த நாட்டுக்காரியா ஆயிரலாமாம். எல்லாம் புஸ்தகத்துல கடைசிப் பக்கத்துல இருந்துருக்குது. மொத ரெண்டு படிப்புல அதெல்லாம் கெடையாது. எனக்குப் படிச்சுக் காட்டுனவ அவதானே. நீங்க சிரிக்கறீங்களா? இல்லை, சரி. நாந்தான் பாக்காம விட்டுட்டேன். அதனாலதான் உங்களுக்குச் சொல்றேன், கடைசிப் பக்கத்தைப் படிங்க.

காலேஜுக்கு எழுதிக் கேட்டோம். உங்க பொண்ணு வயசு வந்தவங்க, எங்க இருக்காங்கன்னு சொல்ல முடியாதுன்னு ரெண்டு வரியில பதில். பெத்தவனுக்குங்க. ரெண்டு வரி.

அதான் நேர்ல போயிரலாம்னு முடிவு பண்ணுனோம், நானும் நடேசனும். அத்தனூண்டு ஊர்ல ஒரு புள்ளையைத் தேடிக் கண்டுபுடிக்க முடியாதுங்களா? எட்டுப் பேரு படிக்கற எடம். மூணு பேருக்குத் திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போடோணும்னு ஆடிட்டர்கிட்டச் சொன்னேன். நடேசன், ரெண்டு போட்டாப் போதும்ணான்னான். அவன் அப்பிடித்தாங்க, வெளையாட்டாப் பேசுவான். ஆடிட்டர்தான் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. அதுக்கப்பறம் அவரு எங்க போனை எடுக்கறதில்லை.

என்னங்க, அப்பிடிப் பாக்கறீங்க? நான் ஒண்ணும் பண்ண மாட்டேங்க. கூட்டிட்டு வந்து ஊட்டுல உக்கார வெச்சுப் பேசோணும், அவ்வளவுதான். பெரியவளையும் நான் கை வெச்சதில்லை. தெய்வத்துக்குத் தெரியும். அவ ஈரோட்டுல படிக்கறப்ப ஒரு பையனோட பழகிட்டா. நமக்கு ஒத்து வராத எடம். போய்க் கூட்டிட்டு வந்தேன். உள்ள உக்காந்து நல்லா ரோசனை பண்ணு, சாயங்காலம் வந்து கேக்கறேன்னு ரூமைப் பூட்டுனேன். காலைல பத்து மணி. சாவியை எடுத்துட்டு நானும் நடேசனும் தீவனம் வாங்கச் சேலம் போயிட்டோம். அந்த ரூமுல பண்ணைக்கு வாங்குன மருந்துப் பொட்டி ஒண்ணு இருந்துச்சு. எனக்கு நெனப்பில்லை. சத்தியமா நெனப்பில்லைங்க. வந்து தொறந்தா... வயித்து வலின்னு எழுதிக் குடுத்தோம். பொய் இல்லையே. வலிச்சிருக்கும்ல.

சரி, அதை விடுங்க. இன்னிக்குக் காலைல தூதரகத்துல நேர்காணல். நான் மட்டும் வந்தேன், நடேசனுக்கு அடுத்த வாரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா, பக்கத்துல தமிழ்ல சொல்றதுக்கு ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு, நம்ம சுபிக்ஷா வயசு.

"எதுக்குப் போறீங்க?"

"பொண்ணைப் பாக்க."

"உங்க பொண்ணு உங்களைப் பாக்க விரும்பறாங்களா?"

அப்பன் பாக்கறதுக்கு அனுமதி எதுக்கும்மான்னேன். அந்தப் பொண்ணு அதை இங்கிலீஷ்ல சொல்லுச்சு. வெள்ளைக்காரம்மா எழுதிக்கிட்டாங்க.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"ரெண்டு. ஒண்ணு தவறிருச்சு."

"எப்படி?"

"வயித்து வலி."

அதுக்கு வெள்ளைக்காரம்மா ஒரு கடுதாசியை எடுத்து அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்து ஒரு எடத்தைத் தொட்டுக் காமிச்சாங்க. தமிழ்ல எழுதுன கடுதாசி, ரெண்டு பக்கம். கையெழுத்தை என்னால பாக்க முடியலை, கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது. அந்தப் பொண்ணு படிச்சா. படிக்கறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சுக்கிட்டா.

"கதவு வெளியே பூட்டியிருந்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். ரெண்டரை மணிக்குத்தான் தட்டுறது நின்றது."

இது உண்மையான்னு கேட்டாங்க. பூட்டுனது உண்மை. ஆனா ரெண்டரை மணிங்கறது எனக்கே தெரியாது. நான் சேலத்துல இருக்கேன், இருட்டுக் கட்டத்தான் வந்தேன். எனக்கே தெரியாதது அந்தக் கடுதாசியில இருக்குது. தெரியாதுன்னேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. விசா இல்லைன்னு சொன்னது கூட எனக்குச் சரியாக் காதுல விழலை.

சென்ட்ரல்ல வண்டி ஏறுனதுல இருந்து அதைத்தான் ரோசனை பண்ணிட்டு வர்றேன். யாரு எழுதியிருப்பா? அந்த ஈரோட்டுப் பையனா இருக்கும்னு மொதல்ல நெனச்சேன். ஆனா அவனுக்கு மணி எப்பிடித் தெரியும். நடேசன் எங்கூடவே இருந்தான். சுபிக்ஷா ஹாஸ்டல்ல. அக்கம் பக்கம் ஊடு கெடையாது, தோட்டத்துக்கு நடுவுல எங்க ஊடு ஒண்ணுதான். கூப்பிட்டாக் கேக்காது.

என்ன கேட்டீங்க? சத்தத்தைக் கேட்டது யாருன்னா?

அதைத்தான... அன்னிக்கு ஊட்டுல யாருமே இல்லைங்க. குணவதியை எங்கக்கா ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். அவ இருந்தா தொறந்து விடு, தொறந்து விடுன்னு அழுவா. போறேன்னு தலையாட்டுனா. அவ போனையும் பெரியவ போனையும் நாந்தான் வாங்கி வண்டியில போட்டுக்கிட்டேன். சாயங்காலம் நான் வந்தப்ப அடுப்படியில உக்காந்திருந்தா. அடுப்பு எரியலை. எப்ப வந்தேன்னு நான் கேக்கலை. போனாளான்னும் கேக்கலை. எங்கக்காகிட்டயும் இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்லைங்க.

பத்து மணியில இருந்து ரெண்டரை வரைக்கும்.

சாவி எங்கிட்ட.

ஏழு வருசமா எனக்குச் சோறு போடறா. காரியம் முடிஞ்ச அன்னிக்குக் கூட எலை போட்டாளே. ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க எங்கிட்ட.

இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம். நீங்க உக்காருங்க.

எங்க ஊர்ப் பேரு எதுக்குங்க உங்களுக்கு? ஊட்டுப் போன் நம்பரா? எதுக்குக் கேக்கறீங்க? நான் போய் அவகிட்டக் கேக்கத்தான் போறேன். சத்தம் போடாமக் கேப்பேன். எனக்குத் தெரியோணும்ல.

சேலம் வந்துருச்சு. அந்தப் பையை எடுத்து விடுங்க. இன்னிக்குக் காலைல தூதரகத்து வாசல்ல நிக்கறப்பக் குணவதி போன் பண்ணுனா. எந்த வண்டியில வர்றீங்க, எத்தனை மணிக்கு ஊடு வந்து சேருவீங்கன்னு கேட்டா. சொன்னேன். கல்யாணம் ஆகி இருவத்தெட்டு வருசத்துல அவ அப்பிடிக் கேட்டதே இல்லை. மனுசன் தனியாப் போயிருக்கானேன்னு வெசனமாக்கும்னு அப்ப நெனச்சேன்.

இப்ப நாலு தடவை அடிச்சுட்டேன், எடுக்க மாட்டேங்கறா. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பா. ஊட்டுலதான் இருப்பாங்க. எங்க போயிருவா? தனியா ஒரு பஸ் ஏறக் கூடத் தெரியாதுங்க அவளுக்கு.